படம் பெரிதாகிறது, கோடு ஏன் பெரிதாவதில்லை?

மாணவர்களே, கணினியில் ஒரு படத்தின் மூலையைச் சுட்டியால் பிடித்து இழுத்தால் படம் பெரிதாகும். தொடக்கப்பள்ளி மாணவர்கூடச் செய்யும் எளிய வேலை இது. ஆனால், அப்படி இழுத்த பிறகு சில பொருள்கள் பெரிதாகி, வேறு சில பொருள்கள் பழைய அளவிலேயே நின்றுவிடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? பெட்டி பெரிதாகியிருக்கும், அதன் கோடு மெலிதாகவே இருக்கும். எழுத்து பெரிதாகியிருக்கும், அதைச் சுட்டும் அம்புக்குறி தலைமுடிபோல் தெரியும். ‘கணினிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது’ என்று நாம் சொல்வோம். உண்மையில் கணினி நாம் கேட்டதைத்தான் செய்திருக்கும். நாம் என்ன கேட்டோம் என்பதுதான் நமக்குத் தெரிந்திருக்காது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவற்றினால். அதைச் சொல்லித் தொடங்குகிறேன்.

வெங்காயத் தோல் பதாகை

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி அறிவியல் வாரத்திற்காக என் மாணவர்கள் சிலர் வெங்காயத் தோல் உயிரணுக்களைப் பற்றி ஒரு பதாகை தயாரித்தார்கள். நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லையில் கைப்பேசியை வைத்து அவர்களே எடுத்த படம். படத்தின் கீழே 10 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கறுப்புக் கோடு வரைந்து, ‘100 மைக்ரோமீட்டர்’ என்று எழுதியிருந்தார்கள். இதை அளவுக் கோடு என்போம். படத்தில் 10 மில்லிமீட்டராகத் தெரிவது, உண்மையில் 100 மைக்ரோமீட்டர் என்று அது சொல்கிறது. படத்தில் ஓர் உயிரணு 25 மில்லிமீட்டர் நீளம் இருந்தது. அப்படியானால் அதன் உண்மையான நீளம் 250 மைக்ரோமீட்டர். நானும் அடிக்கோலை வைத்து அளந்து பார்த்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அது ஏ4 அளவு மாதிரி. கண்காட்சிக்கு ஏ2 அளவு வேண்டும். ஏ4 தாளைவிட ஏ2 தாள் நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கு, பரப்பளவில் நான்கு மடங்கு. மாணவர்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 200 விழுக்காடு என்று தட்டினார்கள். கோப்பை அச்சகத்திற்கு அனுப்பினார்கள்.

கண்காட்சி நாளன்று ஒரு மாணவி, பார்வையிட வந்த படிவம் 1 மாணவர்களிடம் அடிக்கோலைக் கொடுத்து, “நீங்களே இந்த உயிரணுவை அளந்து சொல்லுங்கள்” என்றாள். ஒரு சிறுவன் அளந்தான். உயிரணு 50 மில்லிமீட்டர், அளவுக் கோடு 10 மில்லிமீட்டர். “500 மைக்ரோமீட்டர், அக்கா. அரை மில்லிமீட்டர்” என்றான். அவள் வாயடைத்து நின்றாள். அது 250 என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் சிறுவனின் கணக்கிலும் பிழை இல்லை. பிழை பதாகையில் இருந்தது.

மாலையில் எல்லாரும் சேர்ந்து கோப்பைத் திறந்து பார்த்தோம். உயிரணுவின் படம் இரண்டு மடங்காகியிருந்தது. எழுத்துகளும் இரண்டு மடங்கு. அம்புக்குறிகளின் நீளம் இரண்டு மடங்கு. அவற்றின் தடிமன் மட்டும் அதே 0.5 மில்லிமீட்டர். பெயர்ப் பெட்டிகள் பெரிதாகியும், அவற்றின் வளைந்த மூலைகள் பழைய வளைவிலேயே இருந்தன. அளவுக் கோடோ அசையவே இல்லை. அது தவறுதலாக நகர்ந்துவிடக் கூடாது என்று ஒருவர் அதைப் பூட்டி வைத்திருந்தார். பூட்டிய பொருளை ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்ற கட்டளை தொடாது. ஏ4 அளவில் சரிபார்த்த நான் ஏ2 அளவில் மறுபடியும் அளக்கவில்லை. அது என் தவறு.

ஒரே கட்டளைக்கு ஒவ்வொரு பொருளும் ஏன் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது? அதைப் பார்ப்போம்.

கணினி எதைச் சேமிக்கிறது?

வரைகலை மென்பொருள்களில் படங்கள் இரண்டு வகையாகச் சேமிக்கப்படுகின்றன.

முதல் வகை புகைப்படம். அது பிக்சல் எனப்படும் சிறு சதுரங்களின் தொகுப்பு. 1200 பிக்சல் அகலமுள்ள படத்தை 100 மில்லிமீட்டர் அகலத்தில் அச்சிட்டால், ஓர் அங்குலத்திற்கு ஏறக்குறைய 305 பிக்சல்கள் இருக்கும். அதையே 200 மில்லிமீட்டராக்கினால் ஓர் அங்குலத்திற்கு ஏறக்குறைய 152 பிக்சல்கள்தாம். புதிய பிக்சல்கள் எங்கிருந்தும் வருவதில்லை; இருப்பவை பெரிதாகின்றன. அதனால் படம் மங்குகிறது.

இரண்டாம் வகை வெக்டர் படம். இங்கே கணினி சேமிப்பது எண்களை. ‘இந்தப் புள்ளியில் தொடங்கு, அகலம் 40, உயரம் 30, கோட்டின் தடிமன் 2, மூலை வளைவு 5’ என்பதுபோல் ஒரு பட்டியல் இருக்கும். திரையில் தெரியும் பெட்டி, அந்தப் பட்டியலைப் படித்து அவ்வப்போது வரையப்படுவது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ‘இந்தப் பெட்டியை இரண்டு மடங்காக்கு’ என்றால் எந்த எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும்? அகலத்தையும் உயரத்தையும் பெருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. தடிமனையும் பெருக்க வேண்டுமா? மூலை வளைவையும் பெருக்க வேண்டுமா? இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்குவதுபோல் நினைத்தால் எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். ஒரு மின்சுற்று வரைபடத்தில் ஒரு பெட்டியை மட்டும் பெரிதாக்குகிறீர்கள் என்றால், மற்றக் கோடுகளோடு பொருந்த அதன் தடிமன் மாறாமல் இருக்க வேண்டும். உங்கள் நோக்கம் எது என்பது கணினிக்குத் தெரியாது.

அதனால்தான் மென்பொருள்கள் இதை ஒரு தெரிவாக வைத்திருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் தேர்வுக் கருவியை எடுத்தால், மேல் பட்டையில் நான்கு சிறு பொத்தான்கள் தெரியும். கோட்டுத் தடிமனும் மாற வேண்டுமா, மூலை வளைவும் மாற வேண்டுமா, நிறச் சாயலும் பூவேலை நிரப்பலும் பொருளோடு சேர்ந்து மாற வேண்டுமா என்பவை அந்தப் பொத்தான்கள். அடோபி இல்லஸ்ட்ரேட்டரிலும் கோரல்டிராவிலும் இத்தகைய அமைப்புகள் உண்டு. ஒரு கணினியில் பொத்தான் அழுத்தப்பட்டும், அடுத்த கணினியில் அழுத்தப்படாமலும் இருந்தால், இரு நண்பர்கள் ஒரே கோப்பில் ஒரே வேலையைச் செய்தாலும் இரண்டு விதமான படங்கள் வரும்.

எங்கிருந்து எங்கே அளப்பது?

அடுத்த குழப்பம் இன்னும் சுவையானது. கோட்டுக்குத் தடிமன் உண்டு என்றால், பெட்டியின் அகலத்தை எங்கிருந்து அளப்பது?

பட்டியலில் அகலம் 40 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. அது கோட்டின் நடுவிலிருந்து நடுவரை உள்ள தூரம். கோட்டின் தடிமன் 2 மில்லிமீட்டர் என்றால், அதில் பாதி, அதாவது 1 மில்லிமீட்டர், ஒவ்வொரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் அகலம் 42 மில்லிமீட்டர். முதல் அளவை வடிவ அளவு என்றும் இரண்டாவதைக் காட்சி அளவு என்றும் வைத்துக்கொள்வோம். இங்க்ஸ்கேப் இயல்பாகக் காட்சி அளவைக் காட்டும். இல்லஸ்ட்ரேட்டர் இயல்பாக வடிவ அளவைக் காட்டும். இரண்டிலும் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம்.

காட்சி அளவில் 42 என்று இருப்பதை அழித்துவிட்டு 84 என்று தட்டுகிறீர்கள். என்ன நடக்கும்?

தடிமனும் பெருகும் என்றால்: வடிவ அகலம் 80, தடிமன் 4. கூட்டினால் 84. பெருக்கம் சரியாக 2 மடங்கு.

தடிமன் மாறாது என்றால்: தடிமன் அதே 2. மீதி 82 மில்லிமீட்டர் வடிவ அகலமாக வேண்டும். 40 என்பது 82 ஆகிறது, பெருக்கம் 2.05 மடங்கு.

இரண்டிலும் வெளி அகலம் 84 தான். ஆனால் உள்ளே இருப்பது வேறு. பக்கத்தில் இன்னொரு பெட்டி, அதே 40 மில்லிமீட்டர் வடிவ அகலத்தோடு, வேறு தடிமனில் இருந்தால் அதன் பெருக்கம் இன்னொரு எண்ணாக வரும். பெட்டிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

ஒரு பக்கம் மட்டும் இழுத்தால்?

40 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தைத் தொடாமல், அகலத்தை மட்டும் 4 மடங்காக இழுங்கள். நீள்வட்டம் கிடைக்கும். அதன் கோட்டுத் தடிமன் என்னவாக இருக்க வேண்டும்?

முதல் வழி, படத்தை ரப்பர்த் தாளில் வரைந்து இழுப்பதுபோல் செய்வது. இடது வலது ஓரங்களில் தடிமன் 8 மில்லிமீட்டராகும். மேலும் கீழும் 2 மில்லிமீட்டராகவே இருக்கும். இரண்டாம் வழி, தடிமனைத் தொடாமல் விடுவது. சுற்றிலும் 2 மில்லிமீட்டர். மூன்றாம் வழி, ஒரு சராசரியைப் பயன்படுத்துவது. அகலம் 4 மடங்கு, உயரம் 1 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 4, அதன் வர்க்கமூலம் 2. ஆகவே தடிமனை 2 மடங்காக்கிச் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் வைக்கலாம். இங்க்ஸ்கேப்பில் தடிமன் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால், இயல்பான அமைப்பில் இந்த மூன்றாம் வழிதான் நடக்கும்.

ஒரே வட்டம், ஒரே இழுப்பு, மூன்று விடைகள். மூன்றும் கணிதப்படி சரியானவையே.

முதல் வழியில் வேலை செய்யும்போது மென்பொருள் பெரும்பாலும் பட்டியலிலுள்ள எண்களை மாற்றுவதில்லை. ‘வரையும்போது அகலத்தை 4 ஆல் பெருக்கிக்கொள்’ என்ற ஒரு குறிப்பை மட்டும் மேலே எழுதி வைக்கிறது. இணையத்தில் பயன்படும் எஸ்விஜி கோப்புகளில் இப்படிப்பட்ட குறிப்புகள் சாதாரணம். அந்தக் குறிப்பு தடிமனையும் சேர்த்தே பெருக்கிவிடும். பட்டியலில் தடிமன் 2 என்று இருக்கும். அடிக்கோலில் 8 என்று வரும். ஒன்றாகக் கட்டிய பொருள்களுக்குள் இன்னொரு கட்டு, அதற்குள் இன்னொன்று என்று இருந்தால், ஒவ்வொரு கட்டிலும் ஒரு குறிப்பு ஒளிந்திருக்கலாம். உள்ளே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வது ஆபத்து.

மையம் எங்கே?

படிவம் 5 கணிதத்தில் ‘பெம்பெசாரான்’, அதாவது உருப்பெருக்கம், படிப்பீர்கள். அங்கே ஆசிரியர் இரண்டு விவரங்களைக் கேட்பார்: உருப்பெருக்கத்தின் அளவு எவ்வளவு, மையம் எங்கே. மையத்தைச் சொல்லாமல் விட்டால் புள்ளி கிடைக்காது. அது ஏன் என்பதைக் கணினியில் நேராகப் பார்க்கலாம்.

10 மில்லிமீட்டர் பக்கமுள்ள இரண்டு சதுரங்கள். நடுவில் 10 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டையும் ஒன்றாகக் கட்டி 2 மடங்காக்கினால் மையம் ஒன்றுதான். சதுரங்கள் 20, இடைவெளியும் 20. மொத்தம் 60 மில்லிமீட்டர். ஆனால் ஒவ்வொரு சதுரத்தையும் அதனதன் மையத்திலிருந்து தனித்தனியே 2 மடங்காக்கினால், மையங்களுக்கு இடையிலான தூரம் மாறாமல் 20 மில்லிமீட்டராகவே இருக்கும். சதுரங்களின் பக்கமோ 20 ஆகிவிட்டது. இடைவெளி பூச்சியம், இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். ‘பெரிதாக்கினேன், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டது’ என்று நண்பர்கள் புலம்பினால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

அங்குலத்திற்கு எத்தனை?

யாரும் எதையும் பெரிதாக்காமலே அளவு மாறுவதும் உண்டு. இங்க்ஸ்கேப்பின் பழைய பதிப்புகள் ஓர் அங்குலத்தை 90 பிக்சல்களாகக் கணக்கிட்டன. இணையப் பக்கங்களின் விதிமுறையோ ஓர் அங்குலத்திற்கு 96 பிக்சல்கள் என்கிறது. 2017ஆம் ஆண்டு வெளிவந்த 0.92 பதிப்பில் இங்க்ஸ்கேப்பும் 96க்கு மாறியது. பழைய கோப்பில் 100 மில்லிமீட்டராக வரைந்த கோட்டை எந்தத் திருத்தமும் இல்லாமல் புதிய கணக்கில் படித்தால், 100 ஐ 90 ஆல் பெருக்கி 96 ஆல் வகுக்க வேண்டும். விடை 93.75 மில்லிமீட்டர். சுவரொட்டிக்கு இது பெரிய இழப்பில்லை. ஆனால் லேசர் கருவியில் மரப்பலகை வெட்டி இயந்திரப் பாகம் செய்பவருக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தால் அந்தப் பாகம் பொருந்தவே பொருந்தாது. அதனால் அந்தப் பதிப்பு முதல், பழைய கோப்பைத் திறக்கும்போது என்ன செய்வது என்று மென்பொருளே ஒரு கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வியைப் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்திவிடாதீர்கள்.

கணினிக்கு முன்பும் இந்தச் சிக்கல் இருந்தது

பொறியியல் வரைபடங்களைக் கையால் வரைந்த காலத்திலேயே இதை எதிர்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ட தீர்வு அழகானது. வரைபடப் பேனாக்களின் தடிமன்கள் 0.25, 0.35, 0.5, 0.7 மில்லிமீட்டர் என்று போகும். இந்த எண்கள் ஏன் இப்படி? ஒவ்வொன்றையும் முந்தியதால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 1.4 வரும். அது 2 இன் வர்க்கமூலம்.

ஏ4 தாளிலிருந்து ஏ3 தாளுக்குப் போகும்போது நீளமும் அகலமும் அதே 1.4 மடங்குதான் பெருகுகின்றன. நகல் எடுக்கும் இயந்திரத்தில் 141 விழுக்காடு என்ற பொத்தானைப் பார்த்திருப்பீர்கள். ஏ4 தாளில் 0.35 பேனாவால் வரைந்த படத்தை ஏ3க்குப் பெரிதாக்கினால், கோடு ஏறக்குறைய 0.5 மில்லிமீட்டராகிவிடும். வரைபவர் 0.5 பேனாவை எடுத்து அதே படத்தில் தொடர்ந்து வரையலாம், வேறுபாடு தெரியாது. தடிமனும் படத்தோடு சேர்ந்து பெருகும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கேற்பப் பேனாக்களைச் செய்தார்கள்.

அறிவியல் படத்திற்கு ஒரு விதி

இனி நம் வெங்காயத்திற்கு வருவோம். அலங்காரப் படத்தில் கோடு மெலிந்தால் அழகு குறையும், அவ்வளவுதான். அறிவியல் படத்தில் அளவு என்பது ஒரு தகவல். அது பிழையானால் படம் பொய் சொல்கிறது.

சிலர் அளவுக் கோடு போடாமல், படத்தின் கீழே ‘100 மடங்கு’ என்று மட்டும் எழுதுவார்கள். படத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ அச்சிட்ட மறுகணமே அந்த எண் பொய்யாகிவிடும். ஏனென்றால் எழுத்தின் உருவம் பெரிதாகுமே தவிர, அதன் பொருள் மாறாது. அளவுக் கோடு அப்படியல்ல. படத்தோடு சேர்ந்து அதுவும் நீண்டால், எந்தத் தாளில் அச்சிட்டாலும் உண்மையே சொல்லும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: அது படத்தோடு சேர்ந்தே நீள வேண்டும்.

ஆகவே பதாகை தயாரிக்கும்போது இவற்றைச் செய்யுங்கள்:

1. அளவுக் கோட்டையும் படத்தையும் ஒன்றாகக் கட்டுங்கள். கோட்டைத் தனியே பூட்டி வைக்காதீர்கள்.

2. பெரிதாக்கும் முன், தடிமன், மூலை வளைவு ஆகியவற்றுக்கான பொத்தான்கள் எந்த நிலையில் உள்ளன என்று பாருங்கள்.

3. முடிந்தால் தொடக்கத்திலேயே இறுதி அளவில் வரையுங்கள்.

4. பெரிதாக்கிய பிறகு இரண்டு தூரங்களை அளந்து, அவற்றின் விகிதத்தைப் பழைய விகிதத்தோடு ஒப்பிடுங்கள். எங்கள் ஏ4 மாதிரியில் உயிரணுவும் அளவுக் கோடும் 25க்கு 10, அதாவது 2.5. ஏ2 பதாகையில் 50க்கு 10, அதாவது 5. இந்த ஒரு வகுத்தல் எங்களைக் காப்பாற்றியிருக்கும்.

வீட்டில் கணினி இருந்தால் இதையும் முயன்று பாருங்கள். ஒரு பெட்டியை வரைந்து நான்கு நகல்கள் எடுங்கள். தடிமன், வளைவுப் பொத்தான்களை வெவ்வேறு நிலைகளில் வைத்து ஒவ்வொரு நகலையும் 3 மடங்காக்குங்கள். நான்கையும் அச்சிட்டு அடிக்கோலால் அளந்து அட்டவணை போடுங்கள். நீங்கள் கணக்கிட்டதும் அளந்ததும் ஒத்துப்போகின்றனவா?

அந்தப் பதாகையை நாங்கள் தூக்கி எறியவில்லை. மறுநாள் காலை அந்த மாணவி ஒரு வெள்ளைத் தாள் துண்டில் 20 மில்லிமீட்டர் கோடு ஒன்றை வரைந்து, பழைய கோட்டின்மேல் ஒட்டினாள். பிறகு முதல் நாள் அளந்த சிறுவனைத் தேடிப் பிடித்து மறுபடியும் அளக்கச் சொன்னாள். “250, அக்கா” என்றான். அது எப்படி மாறியது என்று கேட்டான். அவள் அவனுக்குச் சொன்ன விளக்கம்தான் இந்தக் கட்டுரையின் முதல் வடிவம்.